மசேகோவின் சனிக்கிழமைகள்

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மசேகோ ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் போவாள். எண் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துத் தன் ஊரிலிருக்கும் அக்கா ஒனலெனாவுக்கு அனுப்புவாள். கூடவே ஒரு வரி போகும்: 'இவங்களோடதான் போறேன். ராத்திரிக்குள்ள பேசலைன்னா போலீசுக்குச் சொல்லு.' அதே வண்டி, அதே எண், அதே கோலின், அதே லொரெய்ன். போன வாரமே அனுப்பியாயிற்றே என்று கேட்டால், "எண் பலகையை மாத்தறது ஒண்ணும் பெரிய வேலையில்ல" என்பாள். வீட்டுக்காரர் கோலினுக்கு இது பழகிவிட்டது. அவள் படமெடுக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பல்லைக் காட்டுவார்.

போட்ஸ்வானாவில் மஹலாப்யே என்கிற ரயில்வே ஊரில் பிறந்தவள். அரசாங்க உதவித்தொகையில் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலுக்கு மருத்துவம் படிக்க வந்து நாலாவது வருடம் நடக்கிறது. நல்ல உயரம். யாரைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, செருப்பிலிருந்து தலைமுடிவரை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். வார்டில் நோயாளிகள் இதைக் கண்டு கொஞ்சம் மிரள்வார்கள். ஒரு கிழவர் நர்ஸைக் கூப்பிட்டு, தான் எதையாவது திருடிவிட்டதாக அந்தப் பெண் நினைக்கிறாளா என்று விசாரித்திருக்கிறார்.

"சும்மா யாரு தருவா?" இது அவள் வாயில் அடிக்கடி வரும் கேள்வி. கடையில் ருசி பார்க்கச் சொல்லிப் பாலாடைக்கட்டித் துண்டை நீட்டினால், வாங்காமல் நீட்டியவரின் முகத்தைப் பார்ப்பாள். பஸ் டிரைவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்று இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை யோசிப்பாள். ஒருமுறை கிராமத்துச் சாலையோரம் ஆளில்லாத மேசையில் எலுமிச்சம்பழங்களும் காசு போட ஒரு டப்பாவும் இருந்தன. மரத்தைச் சுற்றி வந்தாள், வேலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை என்பது உறுதியானதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. கடைசியில் டப்பாவுக்குள் காசு விழுவதை லொரெய்னை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பழத்தைத் தொட்டாள்.

கடலையும் நம்பமாட்டாள். அவள் நாட்டுக்குக் கடல் கிடையாது. "ஒரு நிமிஷம் சும்மா இருக்குதா பாருங்க. எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரியே இருக்கு" என்று முழங்காலுக்கு மேல் இறங்க மறுத்துவிடுவாள்.

ஆனால் அவளுடைய பெரிய சந்தேகம் கோலின், லொரெய்ன் தம்பதியர் மீதுதான். ஊரின் மேஃபீல்ட் பகுதியில் அவர்கள் வீட்டுப் பின்னறையில் அவள் குடியிருக்கிறாள். கோலினுக்கு ஐம்பது ஆகவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். லொரெய்ன் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்க்கிறாள். வாடகை அக்கம்பக்கத்தை விடக் குறைவு. அது முதல் சந்தேகம். குடிவந்த முதல் வாரமே சனிக்கிழமை காலை கதவைத் தட்டி, மலைப்பக்கம் போகிறோம், வருகிறாயா கண்ணு என்றாள் லொரெய்ன். அடுத்த வாரம் பாறையில் கட்டிய கடல்நீர்க் குளம். அதற்கடுத்து மணல்மேடு, திராட்சைத் தோட்டம், காட்டில் கூடாரம். எந்தச் சனிக்கிழமையும் விட்டுப்போகவில்லை.

அக்காவும் தங்கையும் கைப்பேசியில் இதை அலசினார்கள். முதலில் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாரும் பத்து மணிக்கு முன் எழுந்திருப்பதே இல்லை. பிறகு, லொரெய்னின் தம்பி கிராண்ட் கல்யாணமாகாதவன் என்று தெரியவந்ததும், "அதுதான் விஷயம், வலை விரிக்கிறாங்க" என்றாள் ஒனலெனா. அடுத்த விருந்துக்கு மசேகோ கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் போனாள். கிராண்ட் வந்தான். பத்து வருடமாகத் தன்னோடு வாழும் ஸ்டீவை அறிமுகப்படுத்தினான். அன்றிரவு இதை அக்காவிடம் சொன்னாள். அக்காவின் பதில்: "அப்போ இன்னும் பெரிசா என்னவோ இருக்குடி."

இருந்தது.

அங்கே குளிர்காலம் முடியப்போகும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஸ்டாக்டன் கடற்கரைக்குப் புழு பிடிக்கப் போனார்கள். தூண்டிலுக்கு அந்தப் புழுதான் உசத்தி. அழுகிய மீன் துண்டுகளை ஒரு வெங்காயப் பையில் கட்டி, அலை பின்வாங்கும்போது ஈர மணலில் இழுத்துக்கொண்டு போகவேண்டும். நாற்றத்துக்குப் புழு மண்ணிலிருந்து தலையைத் தூக்கும். கிளிஞ்சல் சதையைக் காட்டினால் கவ்வும். கவ்வுகிற அந்த நொடியில் இரண்டு விரலால் பிடித்து உருவினால் ஆள் நீளத்துக்கு வரும். அந்தக் கரையில் கோலினை மிஞ்ச ஆள் இல்லை என்று லொரெய்ன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மசேகோவின் காதில் அது பாதிதான் விழுந்தது. மீன் பை கோலினின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. மூன்று நாள் வெயிலில் வைத்த சரக்கு. அவள் பின்னிருக்கையில் ஜன்னலை இறக்கிவிட்டு மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். லொரெய்ன் கழுத்துத் துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கோலின் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வண்டியோட்டினார். "என்ன ரெண்டு பேரும், குளிர் காத்தை உள்ள விடறீங்க?" என்று கேட்டார்.

மசேகோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கூடாரம் போட்ட அன்று வாணலியில் வெங்காயம் கரியானபோது, பக்கத்திலேயே நின்ற இந்த மனிதர் கிளறிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது.

கரையில் புழுக்கள் நன்றாகவே தலை நீட்டின. கோலின் குனிந்தார், பிடித்தார், நழுவிவிட்டது. இன்னொன்று, அதுவும் நழுவியது. மூன்றாவதும் போனபோது, வயசாகுது என்று சிரித்துக்கொண்டார். மசேகோ புழுவைப் பார்க்கவில்லை, அவருடைய வலது கை விரல்களைப் பார்த்தாள். மனம் முந்திக்கொண்டு ஓட, விரல்கள் பின்னாலிருந்து வந்தன. அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்துச் சும்மா நின்றபோது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. அவர் நடந்து வந்த தடம் பின்னால் நீளமாகக் கிடந்தது. இடதுகால் பதிந்த இடமெல்லாம் குழி. வலதுகால் பதிந்த இடத்தில் குழிக்கு முன்னால் கால் இழுபட்ட ஒரு கோடு.

புத்தகத்தில் படித்தது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாள். இதில் மட்டும் தன் புத்தி தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பேச்சை மாற்ற, தன் ஊரில் மரத்துப் புழுவை உப்புப் போட்டுக் காயவைத்துத் தின்போம் என்று சொல்லித் திரும்பினாள். லொரெய்னும் புழுவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கோலினையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் போல மசேகோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். வாடகை, மலை, திராட்சைத் தோட்டம், தன் பிறந்த நாளுக்கு வந்த கேக், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டன.

கோலின் பையை இழுத்துக்கொண்டு தூரம் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ம்மா லொரெய்ன்," என்றாள். அவள் ஊரில் மூத்த பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்; ஆண்களை 'ர்ரா' என்பார்கள். "வாராவாரம் நீங்க எனக்கு ஊரைக் காட்டினீங்களா, இல்ல எனக்கு அவரைக் காட்டினீங்களா?"

லொரெய்ன் மறுக்கவில்லை. ஒரு வருடமாகத் தனக்குச் சந்தேகம் என்றாள். டாக்டரிடம் போவோம் என்றாலே சண்டை. போனால் கிரேன் லைசென்ஸ் பறிபோகும் என்று அவருக்குப் பயம். கீழே ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற வேலை. ராத்திரியெல்லாம் அந்த ஆட்களின் முகம்தான் தன் கண்ணில் நிற்கிறது என்றாள். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் தானாகக் கண்ணில் படும், ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்துத்தான் மருத்துவ மாணவிக்கு மட்டும் அறை என்று விளம்பரம் கொடுத்தாளாம்.

"நான் டாக்டர் இல்ல," என்றாள் மசேகோ. நாலு வருடமாக இவள் சந்தேகப்பட்டதில் இது ஒன்றுதான் சரியாகப் போயிருக்கிறது. அதில் துளி சந்தோஷமும் இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்காம ஏன் என்னைப் பிள்ளை மாதிரி கூட்டிட்டு அலைஞ்சீங்க?"

லொரெய்ன் கோலின் வரும் திசையைக் காட்டினாள்.

கோலின் ஒரு புழுவும் இல்லாமல் திரும்பிவந்தார். சாவியை எடுத்தவரிடம், மணலில் லொரெய்ன் ஓட்டட்டும் என்றாள் மசேகோ. அவர் சிரித்தபடி ஏன் டாக்டரம்மா என்று கேட்டார். அவள் அவருடைய கையிலிருந்த பையைக் காட்டினாள்.

"ர்ரா, இது நாறுதா உங்களுக்கு?"

கோலின் பையைப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோனார். மெதுவாகக் கீழே இறக்கினார். மறுபடி ஒருமுறை கொண்டுபோனார்.

"இல்ல," என்றார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கோவிட் வந்து போச்சே, அதுனாலன்னு நெனச்சேன்."

லொரெய்னுக்கே அது புதிய செய்தி. அவள் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள். கோலின் மனைவியைப் பார்த்தார், பிறகு மசேகோவைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரே விஷயம் எழுதியிருந்தது.

"நீ என்ன சந்தேகப்படறே?" என்று கேட்டார். சிரிப்பு போயிருந்தது.

"நான் எலுமிச்சம்பழத்தையே சந்தேகப்படறவ. என் பேச்சை வச்சு நீங்க எந்த முடிவுக்கும் வராதீங்க. ஆனா திங்கக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னால உங்க டாக்டரைப் பாருங்க. விரலு, நடை, மூக்கு, மூணையும் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

லொரெய்ன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். பாதி வழியில் கோலின், "அப்ப நம்ம ரெண்டு பேரையும்தான் சுத்தவிட்டிருக்கா" என்று மசேகோவிடம் சொன்னார். லொரெய்ன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

கோலின் திங்கட்கிழமை போனார். குடும்ப டாக்டர் நரம்பு நிபுணரிடம் அனுப்பினார். பார்க்கின்சன் என்ற நரம்பு நோயின் ஆரம்பம், மோப்பம் போனதும் அதன் அறிகுறிதான் என்று அவர் சொன்னார். லைசென்ஸை யாரும் பறிப்பதற்கு முன்னால் கோலினே மேற்பார்வையாளரிடம் போய், கிரேனிலிருந்து இறக்கிவிடச் சொன்னார். கிடங்கு வாசலில் லாரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கிரேன் கூண்டிலிருந்து கடலைப் பார்த்தவருக்கு இப்போது லாரிகளின் பின்பக்கம்தான் தெரிகிறது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதில்லை.

அந்த நாட்களில் மசேகோ சனிக்கிழமைகளில் கதவைத் திறக்கவில்லை. வேறு அறை தேடினாள். பழைய வாரங்களையெல்லாம் எடுத்து வைத்து மறுவிசாரணை செய்தாள். குளத்தில் நீந்தக் கற்றுத்தருகிறேன் என்றது கோலினின் கையை அவள் பார்க்கவா? அந்தக் கேக்கும் அதற்குத்தானா? ஒனலெனாகூட, "போதும் விடுடி, அவங்க என்ன உன் கிட்னியையா கேட்டாங்க?" என்று அலுத்துக்கொண்டாள்.

ஒரு மாலை லொரெய்ன் வந்து வாசலிலேயே நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். தொடக்கத்தில் அதற்காகத்தான் கூப்பிட்டேன், பிறகு அப்படியில்லை என்றாள்.

மசேகோ தலையைச் சாய்த்தாள். "எந்த வாரத்திலேர்ந்து அப்படியில்ல?"

வேறு யாராவதாக இருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். லொரெய்ன் நிஜமாகவே யோசித்தாள்.

"காட்டுல உன் காலை அட்டை கடிச்சுதே, அன்னிக்கு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'உண்மையைச் சொல்லுங்க, இது இங்க இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே'ன்னு கேட்டே. எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் கோலினை நீ பாக்கணுங்கறதே பாதி நாள் மறந்துபோச்சு கண்ணு."

மசேகோ அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்மேல் நடக்கப் போனார்கள். பாதி தூரத்தில் குளிர்ந்த தெற்குக் காற்று பிடித்துக்கொண்டது. கோலின் நின்று, மேல்சட்டையின் ஜிப்பைப் பூட்டப் பார்த்தார். இரண்டு முனையும் சேரவில்லை. இன்னொரு முறை முயன்றார். காற்று சட்டையைப் பிடுங்கியது. லொரெய்ன் பதறிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். மசேகோ அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அவளையும் இழுத்துத் திருப்பி, நிலக்கரி ஏற்ற உள்ளே நுழைந்துகொண்டிருந்த ஒரு காலிக் கப்பலைப் பார்க்கலானாள். நிதானமாக, அதன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஜிப் மேலேறும் சத்தம் கேட்கும்வரை அவள் திரும்பவே இல்லை.