அண்ணன் மீசையை எடுத்த மாசம்

ஜெயிலுக்குப் போன நாளெல்லாம் நல்ல நாளுன்னு சொன்னா எங்க வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாரு. பார்க்கட்டும். அவருக்கு என்ன தெரியும்? கிள்ளான்ல இருந்து காஜாங் பக்கம், அம்மாவை முன் சீட்ல உட்கார வெச்சு நான் கார் ஓட்டிக்கிட்டுப் போன அந்தச் சனிக்கிழமைகள நினைச்சா எனக்கு இன்னமும் ஏக்கமாத்தான் இருக்கு.

உள்ளே இருந்தது என் தம்பி. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, சரியான முன்கோபி. பூச்சோங்ல ஒரு சாப்பாட்டுக் கடை வாசல்ல நடந்த சண்டையில ஒருத்தன் மண்டையை உடைச்சிட்டான். தப்பு அவன் மேலதான். அதை நான் யார்கிட்டயும் மறைச்சதில்ல.

அம்மா கல்யாணத்துக்குப் போற மாதிரி கிளம்பும். நல்ல சேலை, முகத்துக்குப் பவுடர், தலையில மல்லிகைப்பூ. "யாரைப் பார்க்கப் போறோம்னு இந்த அலங்காரம்?"னு நான் கிண்டல் பண்ணுவேன். "அழுது வடிஞ்சுக்கிட்டுப் போனா அவன் ராத்திரி தூங்குவானாடி?"ன்னு கேட்கும். கார்ல பாதி வழி அதுதான் பேசும், மீதி வழி தூங்கும். காஜாங் வந்துட்டா யாரும் எழுப்பாமலே முழிச்சிக்கும்.

காத்திருக்கிற கூடத்துல அம்மாவுக்குக் கூட்டாளிங்க வேற. ஒரு மலாய்க்கார அம்மா, ஒரு சீனத்து ஆன்டி. மூணு பேரும் அரைகுறை மலாய்ல பிள்ளைங்க கதையைப் பேசிப் பேசிச் சிரிப்பாங்க. தம்பிக்கு உள்ளே முடிவெட்டுற வேலை கத்துக் கொடுத்தாங்க. அதை அம்மா என்னமோ அவன் யூனிவர்சிட்டியில படிக்கிற மாதிரி அந்த ரெண்டு பேர்கிட்டயும் அளந்து விடும். அப்புறம் எங்க நம்பரைக் கூப்பிட்டதும் கண்ணாடி முன்னாடி போய் உட்கார்ந்து, போனை எடுத்து, அவன் ஒட்ட வெட்டின தலையைப் பார்த்து, "உனக்கு வெட்டினவன் பாஸ் ஆக மாட்டான்டா"ன்னு சொல்லும். அந்தப் பக்கம் அவன் தோள் குலுங்கச் சிரிப்பான். சண்டைக்காரன் சிரிக்கிறதைப் பார்க்கிறதுக்கே நான் அவ்வளவு தூரம் கார் ஓட்டுவேன்.

அண்ணன் மட்டும் ஒரு தடவை கூட வரல. அண்ணன் லோரி ஓட்டுது. தம்பியைப் பிடிச்சிட்டுப் போன அன்னைக்கே, "எனக்குத் தம்பியே கிடையாது"ன்னு சொல்லிடுச்சு. சொந்தக்காரங்க கேட்டா சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்லும். வெள்ளிக்கிழமை ஆனா அம்மா கெஞ்சும், "ஒரே ஒரு தடவை வாடா, ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்கணும்." அண்ணன் வாளியை எடுத்துக்கிட்டு லோரி கழுவப் போயிடும். கல்நெஞ்சம்னு எனக்கு அப்படிக் கோபம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் டீ குடிச்சிட்டு நாற்காலியில சாய்ஞ்ச அம்மா எழுந்திருக்கவே இல்ல. நெஞ்சுவலின்னு கூடச் சொல்லல.

தம்பிக்கு விடுதலை நெருங்கிக்கிட்டு இருந்த நேரம் அது. ஒழுங்கா இருந்தா தண்டனையில ஒரு பங்கு கழியும். இதைக் கேட்டுட்டு உள்ளே எவனையாவது அடிச்சான்னா அவ்வளவுதான், கழிவும் போச்சு, கத்துக்கிட்ட தொழிலும் போச்சு. "வெளியே வர்ற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது"ன்னு அண்ணன் முடிவு பண்ணுச்சு. எனக்கு மனசு கேட்கல. பெத்த தாய் போனதை மறைக்கிறதா? ஆனா அவன் கோபத்தை நினைச்சுப் பயந்து நானும் தலையாட்டினேன்.

கருமாதி முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை அண்ணனே வந்து கார்ல ஏறுச்சு. "நீ தனியாப் போனா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும், நானும் வரேன்"னு சொல்லுச்சு. வழியெல்லாம் பொய்யைப் பாடம் பண்ணோம். அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துச்சு, கால் சுளுக்கு, நடக்க முடியல. கருமாதிக்கு மழிச்ச மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி. எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சோம்.

வாசல்லயே வார்டன் தொப்பியைக் கழற்றச் சொல்லிட்டாரு. போன், பர்ஸோட அதுவும் லாக்கருக்குள்ள போச்சு. நான் அவசரமா அண்ணன் காதுல, "பத்துமலை முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிடு"ன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்னான். அண்ணனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துச்சு பாருங்க, அதை என்னால மறக்க முடியல. போனை எடுத்தான். எங்க பக்கம் இருக்கிறது ஒரே போன். அண்ணன் காதுல வெச்சிருக்க, நான் அது பக்கத்துல தலையைச் சாய்ச்சு ஒட்டுக் கேட்டேன்.

"அம்மா எங்கண்ணே?"

கால் சுளுக்குக் கதையை அண்ணன் தடுமாறாமச் சொல்லுச்சு. மொட்டை ஏதுன்னு அவன் கேட்க, வேண்டுதல்னு சொல்லுச்சு. தம்பி தலையாட்டினான். நான் மூச்சு விட்டேன். ஆனா அவன் பார்வை தலையில இல்ல, அண்ணனோட மேலுதட்டுல நின்னுச்சு. அண்ணனுக்கு வாலிபத்துல இருந்து முறுக்கு மீசை. முன்னே பத்துமலையில மொட்டை போட்டப்பகூட மீசையைத் தொட விடல. அப்பா தவறினப்ப மட்டுந்தான் எடுத்துச்சு. வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் மழிச்சுக்கிட்டு நின்னதால எங்க யாருக்கும் அது கண்ணுல படவே இல்ல.

"வேண்டுதலுக்கு மீசையை ஏண்ணே எடுத்தே?"

நான் கீழே குனிஞ்சிட்டேன்.

கத்துவான், கண்ணாடியைக் குத்துவான்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன். அவன் கத்தல. கண்ணுல இருந்து தண்ணி மட்டும் கொட்டுது, போனை விடாமப் பிடிச்சிருக்கான். அப்புறம் ஒண்ணுதான் கேட்டான்.

"யாரு கொள்ளி வெச்சா?"

தாய்க்குக் கடைசி மகன்தான் வைக்கணும். அவன் உரிமை அது.

அண்ணன் சொல்லுச்சு: "நான்தான்டா வெச்சேன். கடைசி மகன் யாருன்னு பூசாரி கேட்டாரு. சொந்தக்காரங்க எல்லாரும் நின்னாங்க. என் தம்பி ஜெயில்ல இருக்கான், அவனுக்குப் பதிலா நான் வைக்கிறேன்னு சொல்லித்தான் வெச்சேன்."

அண்ணன் அப்படிச் சொன்னது எனக்கும் அப்பத்தான் தெரியும். பொம்பளைங்க நாங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல. வந்தவங்க யாரும் என்கிட்ட அதைச் சொல்லவும் இல்ல.

தம்பி சட்டையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "எவண்ணே உனக்கு மொட்டை போட்டான்? காதோரம் முடியை அப்படியே விட்டிருக்கான் லா"ன்னான். அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்பகூட அழாத அண்ணன் அதைக் கேட்டுட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மொட்டைத் தலைங்க. நேரம் முடிஞ்சதுன்னு சொல்ல வந்த வார்டன் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டாரு.

தம்பி உள்ளே யாரையும் அடிக்கல. கழிவோட, சொன்ன தேதியில வெளியே வந்தான். இப்ப பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு முடிவெட்டுற கடையில வேலை பார்க்கிறான்.

ஆனா அன்னைக்குத் திரும்பி வர்ற வழியில எனக்கு ஆத்திரம் தாங்கல. "அம்மா இருக்கும்போது ஒரே ஒரு தடவை இப்படி வந்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும் உனக்கு?"ன்னு அண்ணனைக் கேட்டுட்டேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு: "அவனைப் பார்த்தா அழுதுடுவேன்னு தெரியும். அம்மா முன்னாடி அழ வெட்கமா இருந்துச்சு."