பிரேக் மாஸ்டரின் கால்கள்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பட்டப்பெயர் பிரேக் மாஸ்டர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் கொஞ்சம் தடுமாறினாலும் அதை ஓங்கி மிதிப்பார், கூடவே நாலு வார்த்தை விழும். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

வீட்டு நாய்க்கு உடம்பு போட்டுவிட்டது, ஓடவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதும், மனைவி அவரை நாய்களுக்கான தடை தாண்டும் பயிற்சிக்கு விரட்டினாள். "அதுவும் குண்டு, நீங்களும் குண்டு. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

மைதானத்தில் ஒரு குறுக்குக் கம்பு, பக்கத்தில் நாய் நுழைந்து போக ஒரு துணிக் குழாய். முதலில் கம்பைத் தாண்ட வேண்டும். இது என்ன பெரிய வித்தையா என்று நாயோடு ஓடினார். கையை நீட்டி "தாண்டு" என்றார். அது குழாய்க்குள் புகுந்தது. மூன்று முறையும் அப்படியே. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்குவது தெரிந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"மண்டைல என்ன களிமண்ணா?"

நாய் குழாய்க்குள்ளேயே படுத்துவிட்டது. இனி இது தன்னோடு ஓடுமா என்று அவருக்குப் பயம் வந்தது.

பயிற்சி தரும் இளம்பெண் பக்கத்தில் வந்தாள். "சார், அது உங்க பேச்சக் கேக்கல. காலப் பாக்குது. வாய் தாண்டுங்குது, கால் குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கு."

குனிந்து பார்த்தார். ஷூ முனை இரண்டும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அந்தக் களிமண்ண நான் மறக்கல சார். பதினோரு நாள் உங்ககிட்ட கார் கத்துக்கிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம். அவருக்கு அவள் முகமே ஞாபகம் வரவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

"இப்ப ஓட்டறியாம்மா?"

"பன்னெண்டாவது நாள் நான் வரல சார். பஸ்லதான் போய்ட்டு வரேன்."

அவர் குழாய் வாயருகே மண்டியிட்டார். "வாடா. தப்பு என்னோடதுதான்." நாயிடம் சொல்வது சுலபமாக வந்தது. அது மெல்ல வெளியே வந்தது, அவரைத் தாண்டிப் போய் அவள் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

எழுந்து நின்றார். அவளிடமும் சொல்லியாக வேண்டும்.

"மன்னிச்சிடும்மா" என்றது வாய். கால்கள் இரண்டும் அவருடைய கார் நின்ற பக்கம் திரும்பியிருந்தன. நாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.