காரண எண்

என் கணவருக்கு அம்மா வைத்த பெயர் தூண். கல்யாணமான புதிதில், "உன் வீட்டுக்காரர் எங்கடி? இங்க ஒரு தூண்தான் நடமாடுது" என்று என்னிடம் கேட்டாள். அவர் காதில் விழும்படிதான் கேட்டாள், ஏனென்றால் அம்மாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன தொண்டை அது. வீட்டில் சாப்பாடு தயார் என்பதையும் அடுத்த தெருவுக்குச் சேர்த்தே அறிவிப்பாள். நானும் அவள் வயிற்றில் பிறந்தவள்தான், வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத் தலை வலிக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டார், பாவம்.

அவருக்கு வேலை, மற்றவர்கள் எழுதிய கணினி நிரலைப் படித்துக் குறை சொல்வது. இப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, "சரிபார்க்கிறது" என்பார். யாருக்குப் பதில் எழுதினாலும் முதல் வரி நன்றி, இரண்டாவது வரியிலிருந்துதான் குறை.

அதிலும் ஒரு சின்ன மூலைதான் அவருடையது. இப்போதெல்லாம் கணினியைச் சொந்தமாக வாங்காமல், எங்கேயோ இருக்கும் பெரிய கணினிக்குள் ஓர் இடத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த இடமே ஒரு தனிக் கணினியாக நடந்துகொள்ளும். சில இடங்களில், வாடகைக்கு விட்டவரே எட்டிப் பார்க்க முடியாதபடி உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கணினி கண் விழிக்கும் முதல் நொடியில் ஓடுகிற, கர்னல் என்கிற அடிப்படை நிரலைத்தான் இவர் படிக்கிறார். அந்த நொடியில் அதற்குத் திரை இல்லை, ஒரு வரி எழுதிக் காட்டவும் வழி இல்லை. தனக்குக் கொடுத்த இடம் சொன்னபடி இருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பாகத் தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

"ஒரு நொடிக்கா மாப்பிள்ளை சம்பளம் குடுக்கறாங்க?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"ஆமாங்க அத்தை" என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. "நீங்க சொல்றது எல்லாம் அவங்களுக்குப் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வராது" என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். நான் வெளியே வந்து மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாருக்கு எது போகக் கூடாதோ அவளுக்கு அதுவே போயிருந்தது.

அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எப்போதும் ஒருவர் கண்ணில் படட்டும் என்று, கூடத்தில், அவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மேசைக்கு எதிரே கட்டிலைப் போட்டேன். நான் இல்லாத நேரத்திலும் அவர் பார்த்துக்கொள்வார் அல்லவா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அம்மா சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். காலையில் நாலு வாய் இறங்கும். அதற்குப் பிறகு கிண்ணத்தைக் கொண்டுபோனாலே முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். உதட்டை இறுக்கிக்கொள்வாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"விழுங்கறதுல கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "ஆனா எடை இறங்கிட்டே போகுது. வர்ற வியாழக்கிழமையும் இப்படியே இருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்." அம்மாவின் இடது கை படுக்கை விரிப்பைக் கொத்தாகப் பிடித்ததை நான் பார்த்தேன்.

உப்பைக் குறைத்தேன், கூட்டினேன். சூடாகக் கொடுத்தேன், ஆற வைத்துக் கொடுத்தேன். கெஞ்சினேன். ஒருநாள் பொறுமை போய், "ஏம்மா வேண்டாங்கற? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். யாரைப் பார்த்து என்ன சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி வைத்தார். "கொஞ்சம் வெளியில போய்ட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், நான் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலுக்கு வந்தேன். அவர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தது வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண். அவள் எழுதிய திருத்தத்துக்கு எல்லாரும் சரி சொல்லியிருந்தார்கள், இவர் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்.

"நன்றிம்மா, சுத்தமா எழுதியிருக்கீங்க" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். "ஆனா நின்னு போறதுக்கு இருந்த அத்தனை காரணத்தையும் ஒண்ணாக்கிட்டீங்களே. அது கண்ணு முழிக்கிறதுக்குள்ள நின்னு போச்சுன்னா, வெளியில ஒரே ஒரு எண்தான் அதால சொல்ல முடியும். வேற வாயே கிடையாது அதுக்கு. எல்லாத்துக்கும் 'பொதுவான கோளாறு'ன்னு ஒரே எண் குடுத்தா, நின்னுடுச்சுங்கறது மட்டும்தான் நமக்குத் தெரியும். ஏன்னு தெரியாது."

"வாடகைக்கு விட்டவங்களுக்கு எவ்வளவு கம்மியா சொல்றோமோ அவ்வளவு நல்லதில்லையா சார்?"

"ரகசியத்தைச் சொல்லச் சொல்லல. காரணத்தைச் சொல்லட்டும். அதுகிட்ட இருக்கறதே அந்த ஒரு எண்தான்மா. அதையும் பிடுங்கிடாதீங்க."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையில் கிண்ணத்தோடு அவளைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றுதான் அவளிடம் இருந்தது. உப்பு சரியில்லை என்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், என் மேல் கோபம் என்றாலும் அதுதான். அதை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் காரணம் சொல்வாள்? நானோ ஏன், ஏன் என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் இடது கைக்குள் என் கையைக் கொடுத்தேன். "அம்மா, நான் ஒண்ணொண்ணா கேக்கறேன். ஆமான்னா அழுத்து."

பல் வலிக்கிறதா? கை அசையவில்லை. ருசி பிடிக்கவில்லையா? இல்லை. அவசரமாக ஊட்டுகிறேனா? இல்லை. அடுத்ததைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். "உயிரோட இருக்கவே பிடிக்கலையாம்மா?" கை அப்படியே கிடந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவள் கண்கள் என் தோளைத் தாண்டிப் போவதைக் கவனித்தேன். திரும்பினேன். மேசையில் அவர்.

"இவரா?"

நகம் பதியும்படி அழுத்தினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த நிலைமையிலும் இவளுக்கு அவரைப் பிடிக்கவில்லையா? 'அவர் என்னம்மா பண்ணார் உன்னை' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, கடித்து விழுங்கினேன். "அவர் பாக்கறது பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

அழுத்தினாள். பிறகு கையை விடுவித்து, கோணிப்போன வாயின் ஓரத்தை மெல்லத் துடைத்தாள். துடைத்த கையை அங்கேயே வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"சாப்பிடறப்போ வழியறதை மாப்பிள்ளை பாக்கக் கூடாதா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள், விடவே இல்லை. அவர் குளிக்கப் போகும் நேரம் என்பதால்தான் காலையில் நாலு வாய் இறங்கியிருக்கிறது. அதைக்கூடக் கவனிக்காத மக்கு நான். பெற்றவளை நடுக்கூடத்தில் கிடத்தி வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறேன்.

அவர் தொலைபேசியை எப்போதோ வைத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மனசு கஷ்டப்படுவாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். "காரணம் தெரிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு, மேசையைப் படுக்கையறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அம்மா அரைக் கிண்ணம் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை எடை ஒன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை, இறங்கவும் இல்லை. "குழாய் இப்ப வேண்டாம், பாக்கலாம்" என்றார் டாக்டர். அதே வாரம் அந்தப் பெண்ணும் காரணங்களையெல்லாம் பழையபடி பிரித்து எழுதி அனுப்பினாளாம். இவர் நன்றி என்று எழுதி, இரண்டாவது வரி எழுதாமலே சம்மதம் கொடுத்துவிட்டார்.

அடுத்து, கட்டில் கம்பியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு, கழிப்பறை. மூன்று, வலி. நாலு, திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

"அஞ்சு?" என்று கேட்டேன்.

"காலியா இருக்கட்டும். நாங்க எப்பவும் கொஞ்சம் எண் விட்டு வெப்போம். நமக்குத் தோணாத காரணம் அத்தைக்கு இருக்கும்ல."

ஒருநாள் சாயங்காலம் சாப்பாடு முடிந்து அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டேன். சீப்பைக் காட்டினாள், தலை வாரிவிட்டேன். கஞ்சி சிந்திய துண்டை எடுத்துப்போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது கரண்டிச் சத்தம் கேட்டது. ஐந்து தட்டு.

ஓடி வந்து, தண்ணியா, வலியா என்று கேட்டேன். எதற்கும் கை அழுத்தவில்லை. அதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. கூடத்துக்கு வரலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் வாசற்படியிலேயே நின்றார். "அஞ்சு தட்டினாங்களே, என்னவாம்?"

அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை இடது கையால் தட்டிக் காட்டினாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். அம்மா தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் துண்டை அலசச் சமையலறைக்குத் திரும்பினேன்.

இப்போது தினமும் சாப்பாடு முடிந்து, முகம் துடைத்து, தலை வாரியதும் ஐந்து தட்டு கேட்கிறது. எந்த வேலையில் இருந்தாலும் அவர் எழுந்து வருகிறார்.