தொழில் என்ற கட்டம்

போன திங்கட்கிழமை காரைக்குடியில் ஒரு ஆபீஸ் வராண்டாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உட்காரவில்லை. உட்கார முடியவில்லை.

உட்கார்ந்திருந்தது என் தங்கை புருஷன் கருப்பையா. அவரால் நிற்க முடியாது. குன்றக்குடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பைக்கில் கூட்டி வந்தேன். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினேன். பின்னால் சும்மா உட்கார்ந்து வருவதற்கே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

பதினெட்டு வருஷம் ஜல்லி உடைக்கும் கிரஷரில் கல் போட்டவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது நாற்பத்தாறு.

செய்த வேலையால் நோய் வந்தவர்களுக்கு ஒரு இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வைத்தியம் பார்ப்பார்கள். ஆள் போய்விட்டால் வீட்டுக்கு மாதாமாதம் ஏதோ கிடைக்கும். மனுப் போட்டோம். தள்ளிவிட்டார்கள். மறுபடி போட்டோம். மறுபடியும் அதே ஒரு வரி... வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

கிரஷர் வாசலுக்கு வந்து பார்த்தால் தெரியாதா? அங்கே வேப்பமரத்து இலைகூட வெள்ளை.

அந்தத் திட்டத்துக்குக் குறைதீர்ப்பாளர் என்று ஒரு அம்மா உண்டு, மாதம் ஒருநாள் காரைக்குடிக்கு வருவார் என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். மாப்பிள்ளை முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெம்பு. அந்த அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. தன்னால் என்ன முடியாது என்பதைத்தான் முதலில் சொன்னார். முடிவை மாற்ற அதிகாரம் இல்லை. பணம் கொடு என்று சொல்லவும் முடியாது. சொல்வதைக் கேட்பார். பைலைப் படிப்பார். எங்கே சிக்கி நிற்கிறது என்று பார்த்து, முடிவெடுக்கிறவர்களுக்கு எழுதுவார். அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. இதற்கா இந்த மனுஷனை இழுத்து வந்தேன்?

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து முனகினார். "நம்ம டீக்கடை பெஞ்சுலயும் இதத்தேன செய்யிறாக மச்சான்."

அந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "பெஞ்சுல பைலைப் படிக்க மாட்டாங்கல்ல," என்றார்.

படித்தார். தாள் தாளாக. நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

ஒரு தாளில் நின்றுவிட்டார். அதை எங்கள் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்ட சீட்டு. தொழில் — விவசாயம்.

"இது யாரு சொன்னது?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி கவுன்டரில் அவர் பேசும் நிலையில் இல்லை. இருமிக்கொண்டிருந்தார். கேட்டவரிடம் பதில் சொன்னது வேறு ஆள்.

"நான்தாம்மா," என்றேன்.

"இவரு கிரஷர்ல வேலை பாத்தது உங்களுக்குத் தெரியாதா?"

"அங்க ஜல்லி ஏத்துற டிப்பர் லாரியே நான்தாம்மா ஓட்டுறேன்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் யார் கேட்டாலும் அதுதான் பதில். முக்கால் ஏக்கர் இருக்கிறது. கருவேலம் மண்டிக் கிடக்கிறது. டிராக்டர் இறங்கிப் பத்து வருஷம். ஆனால் ரேஷன் கடையில், பேங்கில், பெண் பார்க்கப் போன வீட்டில் — விவசாயம். கிரஷருக்குப் போவது சும்மா, கைச்செலவுக்கு. அந்தச் 'சும்மா' பதினெட்டு வருஷம்.

கவுரவம் எக்ஸ்ரேயில் தெரியாது. தூசிதான் தெரியும்.

அந்த அம்மா திட்டவில்லை. யார் சொன்னது, ஏன் சொன்னது, இவர் எந்த வருஷத்திலிருந்து எங்கே கல் போட்டார் என்று ஒரு படிவம் கொடுத்து என்னை எழுதித் தரச் சொன்னார். கூட வேலை பார்த்த இரண்டு பேரிடமும் வாங்கி அனுப்பச் சொன்னார். தன் கடிதத்தோடு சேர்த்து, மறுபடி பாருங்கள் என்று எழுதுவாராம். உறுதி எதுவும் தர முடியாது என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். உங்க ஊர்ல கிரஷருக்குப் போய்க்கிட்டு இப்படிச் சொல்றவங்க எத்தனை பேர்?

விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கையும் தீர்ந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"கேள்வியே சரியில்ல," என்றார். "என்ன தொழில்னு கேக்கக் கூடாது. இத்தனை வருஷமா எங்க நின்னீங்கன்னு கேக்கணும். அதையும் மேல எழுதுறேன்."

வராண்டாவில் வைத்துத்தான் எழுதினேன். இரண்டு வருஷமாக அவருக்குக் குறுக்கே நின்றது நான் சொன்ன ஒரு வார்த்தை. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெசனப்படாதீக மச்சான். எங்கிட்டக் கேட்டிருந்தாலும் அதத்தேன் சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட வேலை பார்த்த இரண்டு பேரிடமும் மறுநாளே வாங்கி அனுப்பினேன். கடிதம் போய்விட்டது. பதில் இல்லை. போன் அடித்தால் லாரியை ஓரம் கட்டுகிறேன். தங்கை தினமும் கேட்கிறாள். அவரும் மூச்சை எண்ணி எண்ணித்தான் விடுகிறார்...

உங்கள் வீட்டு அட்டைகளை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். தொழில் என்று என்ன போட்டிருக்கிறது?

நான் முதலில் எழுதிய தாளை ஆபீசில் வாங்கவில்லை. அடித்தல் இருந்ததாம். வேறு படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தேன். அந்த முதல் தாள் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது — என் பெயர், என் ஊர், அதற்குக் கீழே என் தொழிலுக்கான கட்டத்தில் 'விவ' என்று எழுதி அடித்திருக்கிறேன்.