இரண்டு கரண்டி சீனி

நோர்வேயில் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணியானதும் கடைகளில் பியர் அலுமாரிக்குத் திரை இழுத்துவிடுவார்கள். கோயிலில் மூலஸ்தானத்துக்குத் திரை போடுவதுபோலத்தான், மணி மட்டும் அடிப்பதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பகிடி. கிழமை முழுக்க மற்றவர்களின் படிக்கட்டுகளைக் கழுவிவிட்டு, ஆறு மணி தாண்டி மூன்று நிமிடத்தில் இரண்டு பியரோடு போய் நின்ற எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. காசு வாங்கும் பெண் "முடியாது" என்று சிரித்தபடி பியரை எடுத்துத் தன் காலடியில் வைத்தாள். இந்த நாட்டில் முகத்தில் அடிப்பதையும் சிரித்துக்கொண்டுதான் செய்வார்கள்.

திங்கட்கிழமை வேலையில் இதைச் சொல்லித் திட்டினேன். "அப்படியென்றால் நீயே வீட்டில் செய்" என்றான் கூட வேலை செய்யும் ரூனே. வீட்டில் பியர் செய்ய இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. சாராயம் வடித்தால்தான் பொலிஸ் வரும். வாளி, ஈஸ்ட், பார்லியில் காய்ச்சித் தகரத்தில் அடைத்த மோல்ட் பாணி எல்லாம் அவனே கொண்டுவந்து தந்தான். என் மனைவி மலருக்குத்தான் ஏறவில்லை.

"கசிப்புக் காய்ச்சிற வீடெண்டு ஹொல்ம்லியாவில இருக்கிற எங்கட சனம் முழுக்கக் கதைக்கப்போகுதுகள்."

"இது கசிப்பில்லையப்பா."

"மணக்குதெல்லே? பிறகென்ன?"

இரண்டு கிழமை கழித்துப் போத்தலில் அடைத்தேன். ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் சீனி போட்டு மூடு, அதில்தான் நுரை வரும் என்று ரூனே சொல்லியிருந்தான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டால் இந்த நாட்டுக்காரர் குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துச் சொல்வார்கள், அது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் கொஞ்சச் சீனி என்றால் தேத்தண்ணிக்குப் போடுவது: குவித்து இரண்டு கரண்டி. அப்படியே இருபத்துநான்கு போத்தலுக்கும் போட்டு மூடி, வீட்டு வாசலடி அலுமாரியில் அடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். படார் என்றது. கண்ணாடி நொறுங்கியது. மறுபடியும் படார். எப்படிப் போனேன் என்று தெரியாது, மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். மலர் எனக்கு முன்பே அங்கே இருந்தாள், இரண்டு கையாலும் மேசைக்காலைக் கட்டிப்பிடித்தபடி. ஊரில் ஷெல் விழுந்த அன்று பங்கருக்குக் கடைசியாக ஓடிவந்த அவளுடைய தம்பி வந்து சேரவில்லை. இங்கே வந்து பல வருடம் புதுவருட வாணத்துக்குக் குளியலறையில் ஒளிந்தவள், போன வருடம்தான் முதல்முறையாக யன்னலடியில் நின்று பார்த்தாள்.

அப்போதுதான் மணம் வந்தது. புளித்த பியர் மணம். ஷெல் இல்லை. என் மடத்தனமான வேலை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மலரைப் பார்த்ததும் பாதி திரும்ப ஏறியது. பத்து வருடம் எடுத்துத் தேறியவளை இரண்டு கரண்டி சீனியால் பழையபடி ஆக்கிவிட்டேனோ?

ரூனேக்குப் போன் எடுத்தேன். "எவ்வளவு போட்டாய்?" என்றான். சொன்னேன். "மட்டமாக ஒரு கரண்டி போதுமே! சீனி கூடினால் காற்று முட்டிப் போத்தல் வெடிக்கும். வாழ்த்துக்கள், உன்னுடைய முதல் குண்டு!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். கிட்ட நின்றிருந்தால் அறைந்திருப்பேன். அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் அரை மணித்தியாலத்தில் தடித்த கையுறையும் பனிச்சறுக்குக் கண்ணாடியுமாக வந்து நின்றான். அலுமாரியைக் கம்பளியால் மூடி, போத்தல்களை ஒவ்வொன்றாகப் பல்கனிப் பனிக்குள் வைத்தோம். நன்றாகக் குளிர்ந்தபின் துணியால் சுற்றிச் சுற்றித் திறந்தோம். நுரை சீறிப் பனியில் மஞ்சளாக வழிந்தது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று மலர் கேட்டாள். "இன்னும் எத்தினை?"

"ஒண்டுதான்."

"குண்டுக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை வந்து குண்டு செய்யிறியள். உங்களுக்கு விசரே?" என்றாள். சொல்லி முடிக்கமுதல் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ரூனேயும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

மிஞ்சியதை மூன்று கிளாஸில் ஊற்றினேன். மலர் குடிக்கமாட்டாள். அன்றைக்கு ஒரு வாய் குடித்தாள்.

"உது பியரே? ஆறின தேத்தண்ணி."

அதே மேசையைச் சுற்றித்தான் இருந்தோம். அவளுடைய வலது கையில் கிளாஸ். இடது கை மேசைக்குக் கீழே போயிருந்தது. குனிந்து பார்த்தேன், மேசைக்காலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.