வடக்கே தலை வைத்த கட்டில்

என் கணவரின் வலது காலுக்கு உயிர் வந்துவிட்டது என்று போன மாதம் இதே பக்கத்தில் துள்ளிக் குதித்து எழுதினேன் இல்லையா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி, அண்ணனை வடக்க தலை வச்சுப் படுக்கப் போட்டிருக்கீங்க! அப்புறம் எப்படி வெளங்கும்? அங்கிட்டுப் பிடிங்க... திருப்பிப் போடுவோம்."

வாடகைக்கு எடுத்த சக்கரக் கட்டில். பிரேக் என்று ஒன்று இருந்ததாம், எந்தக் காலத்திலோ. தலைமாட்டை வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தெற்கே தலை வருகிற மாதிரி திருப்பினோம். கால்மாட்டில் நான் நிற்க இடம் வேண்டுமே... அதனால் கூடத்தின் நடுவில் நிறுத்தினோம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கால் உலக்கை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. பிசியோதெரபி தம்பி சொல்லிக்கொடுத்த பயிற்சி இது — அவர் பாதத்தில் நான் உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும், அவர் எதிர்த்துத் தள்ள வேண்டும். தினமும் தள்ளினார்! கையில் நன்றாகத் தெரிந்தது. "தள்ளுறீங்களா?" என்பேன். "ம்" என்பார். நோய் அவரிடம் விட்டுவைத்த பேச்சு அது ஒன்றுதான். கீரனூரில் எங்கள் தெருவில் யாரிடம்தான் நான் இதைச் சொல்லவில்லை? தீபாவளிக்குள் நடந்துவிடுவார், பழையபடி திருச்சி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார் என்றெல்லாம்...

நாத்தனாருக்கும் காட்ட ஆசை வந்தது. "இங்க பாரு, ஒங்கண்ணன் எப்படித் தள்ளுறாருன்னு!" பாதத்தில் கை வைத்து அழுத்தினேன்.

கட்டில் ஓடியது. அவரோடு சேர்ந்து, விறுவிறுவென்று, டிவி ஸ்டாண்டு வரைக்கும்.

நான் ஃபிசிக்ஸ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். சுவரைத் தள்ளினால் சுவரும் நம்மைத் தள்ளும், ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்தியவள். உண்டுதான்... அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா? நான் அழுத்தியதும் விறைத்த காலும் உடம்பும் கட்டிலும் நகர வழியில்லாமல் சுவரில் முட்டி நின்றிருக்கின்றன. இத்தனை நாளும் எனக்குப் பதில் சொன்னது அந்தச் சுவர். அவராக ஒரு நாளும் தள்ளவில்லை.

அப்படியென்றால் அந்த "ம்"?

காலில் அவருக்கு உணர்ச்சியே கிடையாது. நான் சொன்னதை வைத்து அவர் நம்பினார். அவர் "ம்" என்றதை வைத்து நான் நம்பினேன். பாவி மனசு, உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"கட்டில்தானே ஓடுச்சு... அதுக்குப் போயி அழுவாங்களா மதினி?" என்றாள் நாத்தனார். அவர் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று சொல்வேன் அவரிடம்?

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் முதல் வேலையாகக் கட்டிலைத் திருப்பி, தலைமாட்டைப் பழையபடி வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.

"தள்ளுங்க" என்றேன். உள்ளங்கையில் அழுத்தம் வந்தது.

"நல்லாத் தள்ளுறீங்க."

"ம்."

வடக்கே தலை வைத்தால் கெடுதலாம்... இதைவிடவா?