விளக்கெண்ணெயில் ஓடிய கிறிஸ்துமஸ் வண்டி

பிரேசர் டவுனில் பிக்கப் வண்டி ஓட்டிய ஒரே பெண் பவுலின். தம்பி ஓஸ்வால்டின் பேக்கரிக்காக ஊரெல்லாம் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பாள். வண்டி மக்கர் செய்தால் கவுனோடு அடியில் படுத்து அவளே சரிசெய்வாள். என் அம்மா பியாட்ரிஸுக்கு அது துளியும் பிடிக்காது.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வீட்டில் மாவு கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி, பேக்கரி அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவோம். 1961இல் பவுலின், "யாரும் தூக்கிட்டு அலையாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன்" என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டாள். நாற்பது வீட்டு மாவு! பண்டிகைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக எங்கள் தட்டை வாங்க வந்தாள்.

"மாவு அமுங்கிப் போச்சுன்னா ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

பவுலின் சிரித்துக்கொண்டே கிளட்சை மிதித்தாள். போன பெடல் போனதுதான், திரும்பி வரவில்லை. வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியது. காலை மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு மேல் அடுப்பில் ரொட்டி ஏற்றிவிடுவார்கள், கேக்குக்கு இடம் இருக்காது.

அடியில் புகுந்தவள் விரலை முகர்ந்து பார்த்துக் கத்தினாள்: "டேய் ஓஸ்வால்ட்! கிளட்ச் டப்பாவுல என்னடா ஊத்தின?"

பின்னால் தட்டுகளுக்குக் காவல் இருந்த ஓஸ்வால்ட் எட்டிப் பார்த்தான். "பிரேக் ஆயில் தீந்துபோச்சுக்கா. கடல எண்ணெ ஊத்தினேன். எல்லாம் எண்ணெதானே?"

"இது என்ன வடச் சட்டியா?"

பேக்கரிக்காரனைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்! கடலை எண்ணெயில் ஊறி, கிளட்சின் கீழ் சிலிண்டரில் இருந்த ரப்பர் உப்பிப் பிய்ந்திருந்தது. புது ரப்பர் அவள் டூல் பெட்டியில் இருந்தது. கிளட்சுக்கும் ஊற்ற வேண்டிய பிரேக் ஆயில்தான் இல்லை, கடைகளும் மூடியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பவுலின் திடீரென்று எழுந்து நின்றாள். "வெளக்கெண்ணெ! அது ரப்பர ஒண்ணும் பண்ணாது. வீட்டுக்கு வீடு இருக்கும், கொண்டாங்க!"

தெருவே ஓடியது. மாதாமாதம் மூக்கைப் பிடித்து அதைக் குடித்துவந்த பிள்ளைகள், பாட்டில் பாட்டிலாக வண்டிக்குள் போவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பவுலின் அந்த எண்ணெயாலேயே கிளட்ச் குழாயைக் கழுவி, புது ரப்பரை மாட்டி, மிச்சத்தை ஊற்றினாள். இனிக் குழாயில் அடைந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறக்க வேண்டும். தட்டுகளை விட்டு ஓஸ்வால்ட் இறங்கினால் காக்காய் கொத்திவிடும்.

"பியாட்ரிஸ் அக்கா, ஏறுங்க!"

"நானா?" என்றாள் அம்மா. ஆனால் புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

"அமுக்குங்க! அப்படியே பிடிங்க! இப்ப விடுங்க!"

பத்து முறை, பதினைந்து முறை. அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. திடீரென்று, "பவுலின்! பெடல் கால எதுத்துத் தள்ளுதுடி!" என்று கூவினாள். அவள் அப்படிக் கூவி நான் கேட்டதே இல்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வண்டி பேக்கரி வாசலில் நின்றது. நாற்பது கேக்கும் பொங்கி வந்தன.

அடுத்த வருடமும் எங்கள் தட்டு பவுலினின் வண்டியில்தான் போனது. ஆனால் பின்னால் இல்லை. முன் சீட்டில், அம்மாவின் மடியில். அவள் கைப்பையில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும் இருந்தது.